23 லிட்டர் விமான இன்ஜினை காரில் பொருத்திய இளைஞர்: யார் இந்த லூயிஸ் ஸ்போரோவ்ஸ்கி?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஷிஃப்ட் போகும் யாருக்கும் இன்ஜின் கணக்கு அத்துப்படி. ராயல் என்ஃபீல்டு புல்லட் என்றால் 349 சி.சி. ஹூண்டாய் கிரெட்டா என்றால் ஒன்றரை லிட்டர். இரண்டு லிட்டரைத் தாண்டினாலே பெரிய வண்டி என்பார்கள்.

இப்போது ஒரு காரின் முன்பக்க மூடியைத் திறக்கிறீர்கள். உள்ளே 23 லிட்டர் இன்ஜின். அதாவது 15 கிரெட்டா இன்ஜின்களைச் சேர்த்தால் வரும் கொள்ளளவு. புல்லட் கணக்கில் சொன்னால் 66 வண்டிகள். அந்த இன்ஜின் காருக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. முதல் உலகப் போரில் வானத்தில் பறப்பதற்காக ஜெர்மனியில் தயாரானது.

1921-ல் இங்கிலாந்தில் இப்படி ஒரு கார் ஓடியது. பெயர் சிட்டி பேங் பேங். கட்டியவர் லூயிஸ் ஸ்போரோவ்ஸ்கி. அப்போது அவருக்கு வயது 26. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அவர் உயிரோடு இல்லை.

சிட்டி சிட்டி பேங் பேங் என்ற பறக்கும் கார் படத்தை சின்ன வயதில் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அந்தக் கதைக்கு விதை போட்ட கார் இதுதான். ஆனால் நிஜக் கார் பறக்கவில்லை. அதைக் கட்டியவரின் வாழ்க்கையும் குழந்தைகள் படம் மாதிரி முடியவில்லை.

அப்பா விட்டுச்சென்ற வேகம்

லூயிஸ் பிறந்தது 1895 பிப்ரவரி 20, லண்டனில். அப்பா எலியட் ஸ்போரோவ்ஸ்கி அமெரிக்காவில் பிறந்தவர். போலந்து வேர் உள்ள குடும்பம். கவுன்ட் என்ற பிரபு பட்டத்தோடு வலம் வந்தார். குதிரைச் சவாரியில் கெட்டிக்காரர். கார் என்ற புது வாகனம் வந்ததும் குதிரையை விட்டு அதற்குத் தாவிவிட்டார். அம்மா மார்கரெட், நியூயார்க்கின் பெரும் பணக்கார ஆஸ்டர் குடும்பத்தின் வாரிசு.

அது கார் பந்தயம் பொதுச் சாலையில் நடந்த காலம். ஒரு ஊரில் கிளம்பி இன்னொரு நாட்டில் போய் முடிப்பார்கள். 1902-ல் நடந்த பாரிஸ்–வியன்னா பந்தயத்தில் வென்றவர் மார்செல் ரெனோ. ஒரகடம் தொழிற்சாலையின் வாசலில் இருக்கும் அதே ரெனோ பெயர்தான். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மூன்று சகோதரர்களில் ஒருவர். எலியட் ஸ்போரோவ்ஸ்கியும் அந்தப் பந்தயத்தில் மெர்சிடிஸ் காரில் முன்வரிசையில் வந்து முடித்தார்.

அடுத்த ஆண்டு இருவருமே இல்லை. 1903 ஏப்ரல் 1 அன்று பிரான்ஸின் நீஸ் நகருக்கு அருகே லா டர்பி என்ற மலையேற்றப் பந்தயத்தில் எலியட்டின் மெர்சிடிஸ் பாறையில் மோதியது. அவர் இறந்தார். மே மாதம் பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் மார்செல் ரெனோ அடிபட்டு இறந்தார்.

எலியட்டின் சட்டைக் கை பட்டன் ஆக்சிலரேட்டர் நெம்புகோலில் மாட்டிக்கொண்டதுதான் விபத்துக்குக் காரணம் என்று ஒரு கதை அப்போதே பரவியது. அந்தக் காலக் கார்களில் ஆக்சிலரேட்டரைக் கையாலும் இயக்குவார்கள். கதை உண்மையோ இல்லையோ, அந்த பட்டன் கடைசி வரை மகனின் பெயரோடும் ஒட்டிக்கொண்டது.

அப்பா இறக்கும்போது லூயிஸுக்கு 8 வயது. கென்ட் மாவட்டத்தில் கேன்டர்பரி அருகே ஹைம் பார்க் என்ற பெரிய பண்ணை வீட்டை அம்மா வாங்கினார். 1911-ல் அவரும் காலமானார். 16 வயதுப் பையனின் பெயரில் கோடிக்கணக்கில் பணம், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் நிலம், கென்டில் மாளிகை எல்லாம் வந்து சேர்ந்தன. வேண்டாம் என்று தடுக்க வீட்டில் பெரியவர் யாரும் இல்லை.

விமான இன்ஜின் ஏன்?

1918-ல் போர் முடிந்தது. போருக்காக ஆயிரக்கணக்கில் செய்த விமான இன்ஜின்கள் திடீரென்று யாருக்கும் வேண்டாத பொருளாகிவிட்டன. தோற்ற ஜெர்மனி, 1919 வெர்சாய் ஒப்பந்தப்படி தன் போர் விமானங்களையும் இன்ஜின்களையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கோடிகள் கொட்டி உருவாக்கிய இன்ஜின்கள் காயலான் கடை சரக்கு ஆன கதை இதுதான். அதிக சக்தி வேண்டும் என்பவர்கள் புதிதாக எதையும் வடிவமைக்க வேண்டியதில்லை. போய் வாங்கி வந்தால் போதும்.

சரி, இவ்வளவு பெரிதாக ஏன் இருந்தன? காரணம் ப்ரொபெல்லர். விமான இன்ஜின் அப்போது பெரும்பாலும் ப்ரொபெல்லரை நேரடியாகச் சுழற்றியது. ப்ரொபெல்லர் அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். அப்போது காற்றைத் தள்ளும் திறன் குறையும். அதனால் இன்ஜினை மெதுவாகவே சுற்ற வைத்தார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்று. இன்றைய பெட்ரோல் கார் 6,000 சுற்றை சாதாரணமாகத் தொடும்.

இன்ஜின் தரும் சக்தி இரண்டு விஷயங்களின் பெருக்கல். ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு விசையோடு திருப்புகிறது, அதாவது டார்க். இன்னொன்று, நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது. சுற்றைக் கூட்ட முடியாது என்றால் டார்க்கைத்தான் கூட்ட வேண்டும். அதற்கு சிலிண்டரைப் பெரிதாக்க வேண்டும். 23 லிட்டர் வந்தது இப்படித்தான்.

லூயிஸ் வாங்கியது மேபாக் நிறுவனத்தின் 6 சிலிண்டர் இன்ஜின். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம் 165 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒன்று சின்ன டிபன் தட்டு அகலம் இருக்கும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு மட்டுமே 3.8 லிட்டருக்கு மேல். இவ்வளவும் சேர்ந்து கொடுத்த சக்தி ஏறக்குறைய 300 குதிரைத்திறன். லிட்டருக்கு 13 குதிரைத்திறன்தான். இன்று கிரெட்டாவின் டர்போ இன்ஜின் லிட்டருக்கு 100-ஐத் தாண்டுகிறது. ஆனால் 1921-ல் 300 என்பது சாலையில் யாரும் கனவிலும் பார்க்காத எண்.

பட்டறையில் பிறந்த சிட்டி

காசு லூயிஸுடையது. மூளை இருவருடையது. கேப்டன் கிளைவ் கேலப் என்ற இன்ஜினீயர் அவருடன் சேர்ந்தார். ஆரம்பகால பென்ட்லி இன்ஜின் வேலையிலும் பங்கு உள்ளவர் இவர். ஹைம் பார்க்கில் இருந்த பட்டறையில் இருவரும் வேலையைத் தொடங்கினார்கள்.

சேஸிஸ், போருக்கு முந்தைய பழைய மெர்சிடிஸ் காருடையது. மேபாக் இன்ஜின் அதில் உட்காராது என்பதால் சட்டத்தை நீட்டினார்கள். பின்சக்கரங்களுக்கு சக்தி போனது செயின் வழியாக. ஆமாம், சைக்கிளில் இருப்பது போன்ற செயின்தான். தடிமனில் மட்டும் பல மடங்கு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு செயின்கள். போருக்கு முன் பெரிய சக்தி கொண்ட கார்களில் இதுவே பழக்கம்.

பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. ராட்சத இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது எழுந்த சத்தம்தான் சிட்டி பேங் பேங் என்பது ஒன்று. போர்க்கால சிப்பாய்கள் பாடிய கொஞ்சம் ஆபாசமான பாட்டிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. பந்தய நிர்வாகிகளிடம் முதல் கதையைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று யூகிக்கலாம்.

இதில் இன்னொரு சுவாரஸ்யமும் இருக்கிறது. அதே ஆண்டு லூயிஸ் கட்டிய சிட்டி 2-ல் மெர்சிடிஸ் சேஸிஸில் பென்ஸ் விமான இன்ஜினைப் பொருத்தினார். கொள்ளளவு 18.8 லிட்டர். மெர்சிடிஸ் கார்களைச் செய்த டெய்ம்லரும், பென்ஸும் அப்போது வெவ்வேறு நிறுவனங்கள், போட்டியாளர்கள். இரண்டும் இணைந்தது 1926-ல்தான். அந்த மரபில் வந்த டெய்ம்லரின் லாரி தொழிற்சாலைதான் 2012 முதல் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்கிறது. நிறுவனங்கள் கைகோப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இந்த இளைஞர் தன் பட்டறையில் இரண்டையும் நட்டு போட்டு இணைத்துவிட்டார்.

முதல் நாளே வெற்றி

லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லாண்ட்ஸ் என்ற பந்தயத் தளம் 1907-ல் திறக்கப்பட்டது. கார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டது. ஒரு சுற்று ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். முழுக்க கான்கிரீட். வளைவுகள் மூன்று மாடி உயரத்துக்குச் சாய்ந்து நிற்கும். பந்தயங்கள் பலவும் குதிரைப் பந்தயம் மாதிரிதான். மெதுவான கார்களை முதலில் விடுவார்கள். வேகமான கார்கள் பிறகு கிளம்பித் துரத்த வேண்டும். எல்லோரும் கடைசியில் ஒரே நேரத்தில் வருவது போல கணக்குப் போட்டு நேரம் ஒதுக்குவார்கள்.

1921 ஈஸ்டர் கூட்டத்தில் சிட்டி முதல்முறை அங்கே இறங்கியது. முதல் நாளே ஜெயித்தது. சராசரி வேகம் மணிக்கு 162 கிலோமீட்டர். தடதடவென்று நெருப்பும் புகையும் கக்கி வந்த அந்தக் காரைப் பார்க்கவே பின்னர் கூட்டம் வந்தது. பணக்காரப் பையன் ஒருவனின் பொம்மை என்று பேசியவர்களும் டிக்கெட் எடுத்துதான் பார்த்தார்கள்.

லூயிஸ் இந்த வண்டிகளைப் பந்தயத்தோடு நிறுத்தவில்லை. சாலையிலும் ஓட்டினார். 1922 தொடக்கத்தில் மனைவி வயலட், நண்பர்கள், மெக்கானிக்குகள் சகிதம் சிட்டி 2-ஐ எடுத்துக்கொண்டு வட ஆப்பிரிக்கா போய் சஹாரா பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தார். மூன்றாவதாக 14.8 லிட்டர் மெர்சிடிஸ் விமான இன்ஜினில் சிட்டி 3 வந்தது.

டயர் சொன்ன உண்மை

1922 செப்டம்பர். அதே புரூக்லாண்ட்ஸ். வேகத்தில் போய்க்கொண்டிருந்த சிட்டி 1-ன் டயர் வெடித்தது. கார் கட்டுப்பாட்டை இழந்து, நேரம் குறிக்கும் அதிகாரிகள் இருந்த கூண்டை இடித்துக்கொண்டு போனது. அங்கே வேலையில் இருந்தவர் ஒருவருக்கு கை விரல்கள் போயின. லூயிஸ் தப்பினார்.

இதைத் துரதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இன்ஜின் 300 குதிரைத்திறன். ஆனால் அதைத் தாங்கிய மற்ற எல்லாமே வேறொரு காலத்தைச் சேர்ந்தவை. சேஸிஸ் வடிவமைக்கப்பட்டபோது அதில் கால் பங்கு சக்தியைத்தான் கணக்கில் வைத்திருந்தார்கள். அந்தக் கால டயர் இவ்வளவு எடையையும் இந்த வேகத்தையும் சேர்த்துத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. அன்றைய பல கார்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். சீட் பெல்ட் கிடையாது. ஹெல்மெட் கிடையாது, துணித் தொப்பிதான். தளத்தின் ஓரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மரக்கூண்டுதான் பாதுகாப்பு.

பெரிய இன்ஜினை வாங்க காசு இருந்தால் போதும். அந்த இன்ஜினுக்குத் தகுந்த டயரும் பிரேக்கும் அன்று எந்தக் கடையிலும் இல்லை. எவ்வளவு பணம் இருந்தாலும் வாங்க முடியாது, ஏனென்றால் அவற்றை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவே இல்லை. விமான இன்ஜின் கார்கள் அத்தனைக்கும் பின்னால் இருந்த பிரச்சினை இதுதான். விலை கொடுத்தவர்களில் ஓட்டுநர்கள் மட்டுமல்ல, பக்கத்தில் நின்றவர்களும் உண்டு.

சின்ன இன்ஜின் பக்கம்

லூயிஸை வெறும் ராட்சத இன்ஜின் பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். சிட்டி ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் நேர் எதிரான ஒரு வேலைக்கும் பணம் போட்டார்.

லயனல் மார்ட்டின் என்பவர் லண்டனில் ஆஸ்டன் மார்ட்டின் என்ற பெயரில் ஒரு சிறிய கார் நிறுவனம் நடத்திவந்தார். கையில் காசு இல்லை. கிராண்ட் ப்ரீ பந்தயத்துக்கான கார்களைச் செய்ய லூயிஸ் அவருக்கு ஏறக்குறைய 10,000 பவுண்டு கொடுத்தார். வந்த கார் ஒன்றரை லிட்டர், 16 வால்வு, இரட்டை கேம்ஷாஃப்ட். படிக்கும்போதே இன்றைய கார் பிரோஷர் மாதிரி இல்லையா? சின்ன இன்ஜினை வேகமாகச் சுற்ற வை, நன்றாக மூச்சு விட வை, சக்தி தானாக வரும். உலகம் பின்னர் போன வழி அதுதான்.

1922 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க்கில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில் லூயிஸ் ஒரு ஆஸ்டன் மார்ட்டினையும் கேலப் இன்னொன்றையும் ஓட்டினார்கள். இரண்டும் பாதியில் நின்றுபோயின. ஆனாலும் ஆஸ்டன் மார்ட்டின் என்ற பெயர் கிராண்ட் ப்ரீயில் முதல்முறை நுழைந்தது அந்த நாளில்தான்.

1923-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் புகாட்டி ஓட்டினார். இன்ஜின் பழுதாகி வெளியேறினார். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பெயினின் சிட்ஜஸ் தளத்தில் அமெரிக்கத் தயாரிப்பான 2 லிட்டர் மில்லர் காரில் இரண்டாம் இடம் பிடித்தார். வென்ற ஆல்பர்ட் டிவோவுக்கும் இவருக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. காசு கொடுத்து சீட்டில் உட்கார்ந்த ஆள் இல்லை, உண்மையிலேயே ஓட்டத் தெரிந்தவர் என்பதற்கு இதுவே சான்று.

கடைசி ராட்சதன்

அவர் கடைசியாகக் கட்டியதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பெயர் ஹைம் ஸ்பெஷல். இன்ஜின், அமெரிக்காவின் லிபர்ட்டி வி12. போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்கா அவசர அவசரமாக வடிவமைத்துக் குவித்த விமான இன்ஜின் இது. கொள்ளளவு 27 லிட்டர். சக்தி ஏறக்குறைய 450 குதிரைத்திறன். இதிலும் செயின்தான். இதை வைத்து லூயிஸ் பெரிய சாதனை எதையும் செய்யவில்லை. அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

1924-ல் மெர்சிடிஸ் தன் பந்தய அணியில் அவரைச் சேர்த்தது. கார், 8 சிலிண்டர் சூப்பர்சார்ஜர் மாடல். அப்போது அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1922 முதல் கிராண்ட் ப்ரீ விதிகள் இன்ஜின் கொள்ளளவை 2 லிட்டராகக் கட்டிப்போட்டிருந்தன. அந்த மெர்சிடிஸும் 2 லிட்டர்தான். சிட்டி 1-ல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

1924 அக்டோபர் 19, இத்தாலியின் மான்சா தளம். லெஸ்மோ வளைவில் கார் தடம் விலகி மரத்தில் மோதியது. லூயிஸ் இறந்தார். வயது 29. மெர்சிடிஸ் அணி பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது.

அன்று அவர் சட்டையில் இருந்தது அப்பா இறந்தபோது அணிந்திருந்த அதே பட்டன்கள் என்று அடுத்த கதை கிளம்பியது. இதையும் நிரூபிக்க வழியில்லை. நிரூபிக்கத் தேவையும் இல்லை. பட்டனைக் குற்றம் சொல்வது எளிது. வளைவுக்குப் பக்கத்தில் தடுப்பே இல்லாமல் மரம் நின்றது என்பதுதான் உண்மையான காரணத்துக்குக் கிட்டே வருகிறது. 1903-ல் பாறை, 1924-ல் மரம். நடுவே 21 ஆண்டுகளில் காரின் வேகம் எங்கோ போய்விட்டது. ஓட்டுபவரைக் காப்பாற்றும் வழிகள் அங்கேயே நின்றன.

அவருக்குப் பிறகு

ஹைம் ஸ்பெஷலை ஜே.ஜி. பாரி-தாமஸ் என்ற வேல்ஸ் இன்ஜினீயர் 125 பவுண்டுக்கு வாங்கினார். திருத்தி அமைத்து பாப்ஸ் என்று பெயர் வைத்தார். 1926 ஏப்ரலில் வேல்ஸில் உள்ள பென்டைன் கடற்கரை மணலில் மணிக்கு 275 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மால்கம் கேம்பல் அதை முறியடித்தார். சாதனையை மீட்க 1927 மார்ச் 3 அன்று பாரி-தாமஸ் அதே மணலுக்கு வந்தார். ஓட்டத்தின் நடுவே கார் கவிழ்ந்து அவர் உயிரிழந்தார். செயின் அறுந்து அடித்தது என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. பின்சக்கரம் உடைந்ததே காரணம் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். காரை அந்தக் கடற்கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். 1969-ல் ஓவன் வின் ஓவன் என்பவர் அதைத் தோண்டி எடுத்து, பல வருடம் உழைத்து மறுபடி ஓட வைத்தார்.

சிட்டி 1-ஐ ஷெர்லாக் ஹோம்ஸ் புகழ் ஆர்தர் கானன் டாய்லின் மகன்கள் வாங்கினார்கள். கடைசியில் துருப்பிடித்து உடைக்கப்பட்டது. சிட்டி 2 இன்றும் இருக்கிறது.

இவையெல்லாம் போக, யாரும் எதிர்பார்க்காத ஒரு சொத்தும் மிஞ்சியது. லூயிஸுக்கு குட்டி ரயில் என்றாலும் உயிர். ஜே.இ.பி. ஹோவி என்ற நண்பருடன் சேர்ந்து 15 அங்குல அகலப் பாதையில் நிஜமான பயணிகள் ரயில் விடத் திட்டமிட்டு, இரண்டு நீராவி இன்ஜின்களுக்கு ஆர்டரும் கொடுத்திருந்தார். நம் ஊட்டி ரயில் பாதையின் அகலமே ஒரு மீட்டர். இது அதில் பாதிகூட இல்லை. இன்ஜின்கள் வந்து சேரும் முன் லூயிஸ் போய்விட்டார். ஹோவி திட்டத்தைக் கைவிடவில்லை. 1927-ல் கென்ட் கடலோரத்தில் திறக்கப்பட்ட ராம்னி, ஹைத், டிம்சர்ச் ரயில் இன்றும் ஓடுகிறது.

ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயன் ஃபிளெமிங், சிட்டியை மனதில் வைத்து குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதினார். 1964-ல் அது வெளியானபோது ஃபிளெமிங்கும் இறந்துவிட்டிருந்தார். 1968-ல் படம் வந்தது. உலகம் முழுக்க சிட்டி என்றால் சிறகு முளைத்த கார் என்றானது.

நம்ம ஊரில் இது நடந்ததா?

தமிழ்நாட்டில் விமான இன்ஜின் காருக்குள் வரவில்லை. ஆனால் கார்கள் விமான ஓடுதளத்துக்குப் போயின. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. சிட்டி போலவே போர் மிச்சம் வைத்த பொருளில் பிறந்த வேகம். பிறகு கிளப் தனக்கென்று ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தளம் அமைத்தது. 1990-ல் அங்கே பந்தயங்கள் தொடங்கின.

பெரிய இன்ஜின் இல்லாமலே பந்தயத்தை வளர்க்கலாம் என்று காட்டியவர் கோவையைச் சேர்ந்த கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தவர். 1988 வாக்கில் மாருதி காரின் சின்ன இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை பந்தயக் கார்களை உள்ளூரிலேயே செய்தார். லூயிஸ் மாதிரியே வசதியான வீட்டுப் பிள்ளை. பட்டறையில் கை அழுக்காக்கியவர். ஆனால் கணக்கு தலைகீழ். 800 சி.சி.க்கும் குறைவான இன்ஜின், அதற்கு ஏற்ற லேசான கார், நிறைய பேர் ஓட்டலாம், செலவும் கட்டுப்படி. 1995-ல் சிறிய விமான விபத்து ஒன்றில் அவர் இறந்தார். கோவை செட்டிப்பாளையம் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்குகிறது.

இன்று செய்தால் என்ன ஆகும்?

ரீல்ஸில் இன்ஜின் மாற்றும் வீடியோ பார்த்துவிட்டு வார இறுதியில் முயற்சி செய்யலாமா என்று யோசிப்பவர்கள் இருப்பீர்கள். சாலையில் ஓடும் வண்டி என்றால் சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. பந்தயத் தளத்துக்குள் என்றால் கதை வேறு. ஆனால் அங்கேயும் ஓட விடுவதற்கு முன் டயர், பிரேக், பெல்ட், ரோல் கேஜ் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். இன்ஜின் எவ்வளவு பெரிது என்பது மட்டும் அங்கே செல்லாது.

ஒரகடத்தில் இருக்கும் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் ஓட்டிப் பார்க்கும் தளங்களும், கார்களை வேண்டுமென்றே மோதவிட்டுப் பார்க்கும் ஆய்வகமும் உள்ளன. வெளியே இருந்து பார்த்தால் புத்தம் புது காரை வீணாக நொறுக்குவது போலத் தோன்றும். உள்ளே உட்கார்ந்திருப்பது சென்சார் பொருத்திய பொம்மை. டயர் எந்த வேகத்தில் கிழியும், பிரேக் எத்தனை மீட்டரில் நிற்கும், மோதினால் ஓட்டுநரின் நெஞ்சில் எவ்வளவு விசை விழும் என்ற கேள்விகளுக்கு விடை இப்படித்தான் கிடைக்கிறது. லூயிஸ் காலத்தில் இதே கேள்விகளைச் சோதித்தவர்கள் மனிதர்கள். எலியட் ஸ்போரோவ்ஸ்கி, மார்செல் ரெனோ, லூயிஸ், பாரி-தாமஸ், விரல்களை இழந்த அந்த அதிகாரி என்று பட்டியல் நீளும்.

இந்தக் காரிடாரில் பிரேக் சோதனை, டயர் சோதனை, தர ஆய்வு என்று வேலை பார்ப்பவர்களின் பெயரை யாரும் படத்துக்கு வைக்கப்போவதில்லை. 1921-ல் ஹைம் பட்டறையில் பணம், தைரியம், திறமை மூன்றும் இருந்தன. இவர்கள் செய்யும் வேலை மட்டும் அன்று உலகத்திலேயே இல்லை.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பர்ட்டன் லாசர்ஸ் என்ற கிராமத்துத் தேவாலயம் இருக்கிறது. எலியட் குதிரை ஓட்டித் திரிந்த பகுதி அது. அங்கே அப்பா, அம்மா பக்கத்திலேயே லூயிஸும் புதைக்கப்பட்டார். மெர்சிடிஸ் ஓட்டி இறந்த இரண்டு தலைமுறையும் ஒரே இடத்தில்.